நீலம் போட்ட வெள்ளை

கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்ததும் பதூல் அவள் கையில் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கொடுப்பாள்.

"கன்னத்தோரமாப் பிடி. இன்னும் மேல. காதுக்குப் பக்கத்துல. என்னையும் பார்க்காதே, அட்டையையும் பார்க்காதே. உன் மாமியாரை நினைச்சுக்கோ."

பெண் சிரிப்பாள். பதூல் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். அந்தப் படம் ஆல்பத்தில் வராது. அன்றைக்கு அந்த அறையில் விளக்கு எந்த நிறத்தில் எரிந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. படத்தில் அட்டை மஞ்சளடித்தால் வெளிச்சத்தில் மஞ்சள் கூடுதல். நீலமடித்தால் நீலம் கூடுதல். அந்தக் கூடுதலைக் கணினியில் கழித்துவிட்டால் முகம் தன் நிறத்துக்கு வந்துவிடும். பத்தொன்பது வருடம் பதூல் இந்தக் கழித்தலைத்தான் செய்தாள்.

சூடானில், ஒம்துர்மானில் நீர்ப்பாசன அலுவலகத்தில் அவள் தட்டச்சர். கணவர் துறைமுக வேலைக்கென்று போர்ட் சூடானுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். மகள் நுஹா அப்போது பள்ளிக்கூடத்தில். இரண்டாயிரத்து ஆறில் பதூல் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினாள். கலை ஆசையெல்லாம் கிடையாது. கல்யாணப் பெண் ஆடும் ஆட்டத்தைப் பெண்கள் மட்டும்தான் பார்க்கலாம். ஃபிலிமில் எடுத்தால் கழுவுவதற்கு ஆண்களிடம் கொடுக்க வேண்டும், அதனால் அவள் தெருவில் எவரும் அதைப் படமே எடுத்ததில்லை. டிஜிட்டலில் கழுவ ஆள் தேவையில்லை. எடுப்பவளே கணினியிலும் உட்காரலாம். இதை அவள் ஒரு மதியம் அணைக்கட்டு அறிக்கை ஒன்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போது யோசித்துப் பிடித்தாள். ஒரே வருடத்தில் அவளுடைய வியாழனும் வெள்ளியும் நிரம்பிவிட்டன.

முதல் கல்யாணத்துப் படங்கள் நாசமாகின. குழல்விளக்கில் பெண்ணின் முகம் சாம்பல் பூத்த கரியாக வந்திருந்தது. கேமரா தானே நிறம் பார்த்துச் சமைத்த படம். பிறகு கைவைத்தால் பிய்ந்துபோகும். கேமராவோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தபோது, சமைக்காமல் கொடுக்கவும் அதற்குத் தெரியும் என்று கண்டாள். உள்ளே விழுந்த வெளிச்சத்தின் அளவை மட்டும் எண்களாக எழுதி வைக்கும். நிறமும் பளிச்சும் பிறகு நாம் வைப்பது. கடைக்காரர்கள் அதை ரா என்பார்கள். பதூல் வீட்டில் அதற்குப் பெயர் மாவு.

"கேமரா சுட்டுத் தர்ற கிஸ்ரா ரொட்டி எனக்கு வேண்டாம். மாவாக் குடுக்கச் சொல்லு. நானே சுட்டுக்கிறேன்."

முகங்களுக்கு அவள் சொன்ன பெயர்கள் ஒம்துர்மானில் எல்லார் வாயிலும் இருப்பவை. மஞ்சளும் சிவப்பும் வெளுத்த தோல். அடுத்தது கோதுமை. நீலம் என்றால் நல்ல கறுப்பு. கோதுமைக்கும் நீலத்துக்கும் நடுவில் பச்சை, மழையில் நனைந்த வண்டல் மாதிரி. பதூல் பச்சை. நுஹாவும் பச்சை.

பெண்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"கொஞ்சம் வெளுத்துக் குடுங்களேன், அத்தை. ஒரே ஒரு பொட்டு."

"வெளுக்கணும்னா சோப்புக் கடைக்குப் போ."

"எல்லாரும்தான் செய்யறாங்க."

"அப்ப அவங்ககிட்டயே போ. ஆனா ஒண்ணு, நாளைக்கு உனக்குப் பொறக்கிற புள்ள இந்தப் படத்தைப் பார்த்துட்டு, 'அப்பாவோட முதல் பொண்டாட்டி யாரும்மா'ன்னு கேக்கும்."

பாதிப் பேர் சிரித்துவிட்டுப் பணிவார்கள். பாதிப் பேர் வேறிடம் போவார்கள். ஒரு பெண்ணின் தாய் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் பொண்ணு இவ்வளவு கறுப்பா?" என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவேயில்லை. அந்த ஆல்பம் அலமாரியில் பன்னிரண்டு வருடம் இருந்தது. பிறகு போரில் வீட்டோடு போயிற்று.

பதூலைப் புனிதவதி என்று சொல்வதற்கில்லை. சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு தேநீரில் நாலு கரண்டி போடுவாள். சேலைபோல் சுற்றும் தோபைச் சிவப்பில் கட்டியவர்கள் தன் கணினி அருகே வந்தால், திரையில் சிவப்பு அடிக்கிறது என்று விருந்தாளியைக்கூட எழுப்பி விரட்டுவாள். ஒரே ஒரு முறை ஒரு படத்தை வெளுக்கவும் செய்தாள். நுஹாவின் படத்தை. பொறியியல் முடித்த வருடம் பெண் கேட்டு ஒரு வீட்டார் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"என்னம்மா இது? இதுல இருக்கிறது நானா?"

"சும்மா இரு. ஊர்ப் பொண்ணுங்களுக்கு நான் நியாயம் பேசுவேன். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை வேணும்."

அந்த வீட்டார் வரவில்லை.

போர் வந்த வருடம் தாயும் மகளும் எகிப்துக்கு, கீஸாவுக்கு வந்தார்கள். ஃபைசல் தெருவுக்குப் பின்னால் நாலாவது மாடியில் ஒரு வீடு. கேமராவும் வன்தட்டும் நிஜ மாவு மூட்டைக்குள் ஒளிந்து வந்தன. நுஹாவுக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. தராசு, வெப்பமானி, சாயப்பட்டறைகளின் நிறமானி. பதூலுக்கு இங்கும் கல்யாணங்கள் கிடைத்தன. அச்சுக்கு மட்டும் கடை தேடினாள். இயந்திரத்தில் ஒரு பெண் உட்காரும் கடையாக இருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி தமியானா கிடைத்தாள். ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை, வாயில் எப்போதும் பூசணி விதை.

பிப்ரவரியில் பதூல் இறந்தாள். சிறுநீரகம். மருத்துவமனையில் பதினொரு நாள்.

முப்பதாவது நாள் காலை நுஹா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் குரல் நினைவிருந்தது. செருப்பு இழுபடும் சத்தம் நினைவிருந்தது. முகத்தின் நிறம் வரவில்லை. கண்ணாடியில் தன் முகத்தை வைத்து யோசித்தாள். தன்னுடையதைவிட ஒரு படி ஆழம். ஒரு படி என்றால் எவ்வளவு? வேலையில் யாராவது இப்படி அளவு சொன்னால் அவள் திருப்பி அனுப்புவாள்.

படங்கள் இல்லாமலில்லை. அடையாள அட்டையில் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கல்யாண வீடுகளில் யார் யாரோ எடுத்தவற்றைக் கைப்பேசிகள் கேட்காமலே வெளுத்திருந்தன. பதூல் மருத்துவமனையில் இருக்கும்போதே ஒம்துர்மானிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவள் அக்கா சித்தானா அவற்றையெல்லாம் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தாள்.

"இதுல இருக்கிறவ ஏதோ துருக்கிக்காரி. என் தங்கச்சி எங்கடி?"

"பார்க்கறேன், பெரியம்மா."

"நாப்பதாம் நாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை எனக்கு பஸ். ஒரே ஒரு படம் குடு, போதும். அங்க போனா அவ முகத்தைப் பார்க்க எனக்கு வேற என்ன இருக்கு?"

நுஹாவிடம் அம்மாவை எடுத்த ஒரே ஒரு மாவு இருந்தது. போன ஜூலையில் ஒரு கல்யாண வீட்டில் விளக்கு பிடிக்க அம்மாவோடு போயிருந்தாள். பெண் இன்னும் வரவில்லை. பதூல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். நுஹா கேமராவை எடுத்து அமுக்கிவிட்டாள்.

"ஏய், அமுக்காதே! அழிச்சிடு அதை."

"அழிச்சிட்டேன்மா."

அழிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அதைத் திறந்தாள். முதலில் அவளிடம் இருந்த நிரல் எந்தத் திருத்தமும் இல்லாமல் காட்டியது. கேமராவுக்குள் பச்சை வெளிச்சத்துக்கு மற்ற நிறங்களைப்போல் இரண்டு மடங்கு கண். எதுவும் கழிக்காத மாவு பச்சையாகத்தான் இருக்கும். சித்தானா பின்னால் வந்து நின்றாள்.

"பச்சைன்னா இப்படியா? முளுக்கியாக் கீரைச் சட்டியில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கா."

"இன்னும் சுடலை, பெரியம்மா. இருங்க."

படத்தில் இருந்த அட்டையைத் தொட்டு, இது சாம்பல் என்று நிரலுக்குச் சொன்னாள். எல்லாம் நொடியில் இடம் மாறின. சுவர் சுவராயிற்று. அட்டை அட்டையாயிற்று. நுஹா அட்டையின் எண்களைப் பார்த்தாள். மூன்றும் சமம். இதற்கு மேல் சரியாக ஒன்றும் இருக்க முடியாது.

சித்தானா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாச் சிவந்துட்டா. உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தன்கூட அவளைச் சிவப்பின்னு சொன்னதில்ல. செத்தப்புறம் நீ சொல்ற."

"அட்டை சரியா இருக்கே."

"அட்டைக்கா அழறேன் நானு?"

ஞாயிறு முழுக்க நுஹா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. அட்டையைக் காதோரமாகப் பிடி என்று ஊரையே மிரட்டியவள், தான் மட்டும் இடுப்பருகே பிடித்திருந்தாள். திட்டுகிற அவசரம். அட்டையில் விழுந்தது ஜன்னலின் பகல் வெளிச்சம். முகத்தில் விழுந்தது கூரையில் தொங்கிய மஞ்சள் விளக்கு. அட்டை சொன்னது உண்மைதான், ஆனால் இடுப்பைப் பற்றிய உண்மை.

முகத்துக்குப் பக்கத்தில், அதே விளக்கில், நிறம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். இருந்தது. பதூல் வேலைக்குப் போகும்போது எப்போதும் வெள்ளைத் தோபுதான் கட்டுவாள். நாலரை மீட்டர் துணி. தலையைச் சுற்றி வந்து கன்னத்தை ஒட்டி விழும். நுஹா அந்த ஓரத்தைத் தொட்டு, இது வெள்ளை என்றாள்.

முகம் மஞ்சளாயிற்று.

சித்தானா உள்ளறையில் தரையில் உட்கார்ந்து தங்கையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பதாம் நாளுக்குப் பிறகு யாருக்காவது கொடுக்க வேண்டும். நுஹா மடிக்கணினியை அங்கேயே தூக்கிக்கொண்டு போனாள்.

"ஆத்தாடி, காமாலையா?"

"தெரியலை, பெரியம்மா. கன்னத்துக்குப் பக்கத்துல தோபு இருக்கில்ல, அதை வெள்ளைன்னு வெச்சேன். அப்படி வெச்சா சரியா வரணும்."

"எந்தத் தோபு?"

"அம்மாவோட வெள்ளைத் தோபு."

சித்தானா மடிப்பதை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். பதூல் இறந்தபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

"இஞ்சினியரம்மா, இங்க வா. அவ தோபு என்னைக்குடி வெள்ளையா இருந்துச்சு? ஊரெல்லாம் வாளிக்கு ரெண்டு சொட்டு நீலம் போடும், இவ ஒரு மூடி கவுப்பா. பளீர்னு இருக்கணுமாம், ஆபீசுக்குப் போறவளாம். இவ நடந்து வந்தா வானத்தைச் சுத்திக்கிட்டு வர்றான்னு எங்க தெருவே சொல்லும். இந்தா, பாரு."

மடித்து வைத்திருந்த தோபு ஒன்றைத் தூக்கித் தன் தலையில் போட்டிருந்த தோபுக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் வெள்ளை. ஆனால் பக்கத்தில் வைத்தபோது ஒன்று பாலாகவும் மற்றது விடிகாலையாகவும் இருந்தது. முப்பத்துநாலு வருடம் அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நுஹா. அது நீலம் என்று அவளுக்குத் தெரியாது. நீலத்தை வெள்ளை என்று சொன்னால் நிரல் அந்த நீலத்தைக் கழிக்கும். கழித்தால் முகம் மஞ்சளாகத்தான் போகும்.

"இதை எனக்குக் குடுங்க, பெரியம்மா. ரெண்டு நாளைக்கு."

"கட்டிக்கப் போறியா?"

"அளக்கப் போறேன்."

"எதை?"

"நீலத்தை."

சித்தானா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தோபைக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நுஹா தோபை நாலாக மடித்து அலுவலகத்து நிறமானியின் கீழ் வைத்தாள். மெல்லிய துணி, ஒற்றையாக வைத்தால் மேசையின் நிறமும் சேர்ந்துவிடும். தலைமேல் வரும் ஓரத்தில் ஐந்து இடங்களில் அளந்தாள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒன்றே: நடுநிலையிலிருந்து நீலப் பக்கம் ஏழு. அம்மா திட்டுத் திட்டாக இல்லாமல் சீராகத்தான் நீலம் போட்டிருக்கிறாள். நுஹா சராசரியை எழுதினாள், பிழையெல்லையையும் எழுதினாள். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

வீட்டில் நிரலுக்கு அந்த எண்ணைக் கொடுத்தாள். இது வெள்ளை இல்லை, இவ்வளவு நீலம்; மிச்சமிருப்பது விளக்கு; விளக்கை மட்டும் கழி.

பதூல் வந்தாள். வாய் பாதி திறந்து, புருவம் ஏறி, அமுக்காதே என்று சொல்லிக்கொண்டு.

நுஹாவின் கை ஒரு தடவை வெளிச்சத்தைக் கூட்டுகிற கோட்டுக்குப் போனது. கொஞ்சம் ஏற்றினாள். கன்னம் எழும்பியது, கண் தெளிந்தது, அழகாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பிய தன் படம் ஞாபகம் வந்தது. கோட்டைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டாள்.

"இப்ப?"

சித்தானா கணினிக்கு முன்னால் குனிந்தாள்.

"ம். இது பச்சை."

புதன்கிழமை பெண்கள் வந்தார்கள், ஓதினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். வியாழன் காலை நுஹா படத்தைத் தமியானாவின் கடைக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: 'இது என் அம்மா. அம்மா பச்சை. அந்தப் பச்சை போயிடக்கூடாது, அக்கா.'

மாலை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். தமியானா படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நுஹா பார்த்தாள். அம்மா வெள்ளரிக்காயாக இருந்தாள். தோபு, சுவர், பல், எல்லாம் வெள்ளரி.

"அக்கா, என்ன இது?"

"பச்சை போகக் கூடாதுன்னு நீதான எழுதின? இருந்தது போதுமா போதாதான்னு தெரியலை. கொஞ்சம் சேர்த்தே போட்டுட்டேன்."

"பச்சைன்னா தோல் நிறம், அக்கா. எங்க ஊர்ல இந்த நிறத்துக்குப் பேரு பச்சை."

"இதுக்கா?" தமியானா நுஹாவின் முழங்கையைத் தொட்டாள். "இதுக்குப் பேரு எங்க ஊர்ல கறுப்பு. சரி, கோவிச்சுக்காதே. மாதா சத்தியமா, உங்க ஊர்க்காரங்களுக்குக் கண்ணுல கோளாறுன்னு நான் ரெண்டு வருஷமா நினைச்சுட்டிருக்கேன்."

"அம்மா உங்ககிட்ட இதைச் சொன்னதே இல்லையா?"

"ஹாஜ்ஜாவா? வாரா வாரம் சொல்லுவாங்க. 'இந்தப் பொண்ணு பச்சை, கையை எடு. இவ நீலம், கையை எடு.' பச்சை நீலமெல்லாம் எனக்கு எங்க புரிஞ்சுது? கையை எடுன்னு சொன்னா எடுத்துடுவேன், அவ்வளவுதான். நீ பச்சைன்னு மட்டும் எழுதிட்டு விட்டுட்ட. கையை எடுன்னு எழுதவேயில்லையே."

நுஹா வெள்ளரிப் படத்தை அவள் பக்கமாகத் தள்ளினாள்.

"கையை எடுங்க, அக்கா."

தமியானா இயந்திரத்தில் தானாகத் திருத்துவதை அணைத்தாள். அவள் சேர்த்ததையும் எடுத்தாள். பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டாள். படம் முழுதாக வெளியே வருகிறவரை விதைகூடக் கொறிக்கவில்லை.

"இங்க பார்க்காதே. இது கடை லைட்டு. காலைல வெயில்ல பாரு. இதுவும் ஹாஜ்ஜா சொல்றதுதான்."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குப் பேருந்து. சித்தானாவின் பைகள் வாசலில் இருந்தன. துணி மூட்டையின் மேல் நுஹா அந்தத் தோபையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இதையுமா? வெச்சுக்கயேன்டி."

"வேலைக்குப் போற யாருக்காவது குடுங்க, பெரியம்மா. நல்ல துணி."

பிறகு உறையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். சித்தானா அதை பால்கனிக் கதவருகே கொண்டுபோனாள். எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெயில் அங்கே இருந்தது. படத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். நுஹா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு என்பாளா, மஞ்சள் என்பாளா.

"எதுக்குடி இப்படிக் கத்துற?" என்றாள் சித்தானா, படத்தைப் பார்த்து. "பெத்த பொண்ணு ஒரு படம் எடுத்தா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு? அந்த அட்டையைக் கீழ போடு முதல்ல. எப்பப் பாரு கையில அட்டை."

தெருவில் பைகளை ஏற்ற வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சித்தானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் படத்தில் தங்கையின் தோபு ஓரத்தைத் தடவிக்கொண்டே இன்னும் என்னவோ திட்டிக்கொண்டிருந்தாள். நுஹா பைகளை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள்.